காது இரைச்சலும் மூலிகைப் புட்டியும்

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, படுத்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "பக்கத்து வீட்டில் இந்நேரத்துக்கு என்ன மோட்டார் ஓடுகிறது?" என்று வீட்டுக்காரியைக் கேட்டேன். "எந்த மோட்டாரும் ஓடலீங்க, பேசாம படுங்க" என்றாள். ஓடியது என் காதுக்குள் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சத்தம் புதிதல்ல. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு குழித்தறி. விடிந்தால் நாடா ஓடும் சத்தம், பண்ணை அடிக்கும் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் பாடம் படித்தோம், தூங்கினோம். ஆனால் தறி ராத்திரியில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. பகலில் சந்தடியில் மறைந்திருக்கும், விளக்கை அணைத்ததும் "ஙொய்" என்று ஆரம்பிக்கும்.

டாக்டரிடம் போக மனசு வரவில்லை. போனால் மிஷினை மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள் என்று பயம். அந்தச் சமயம் டி.வி.யில் ஒரு விளம்பரம் வந்தது. "காது இரைச்சலா? 5,000 ஆண்டுப் பழமையான மூலிகை ரகசியம். பக்க விளைவே இல்லை." என் வயதுள்ள ஒருவர் வந்து, நாற்பதே நாளில் குணமானதாகக் கையெடுத்துக் கும்பிட்டார். போனிலேயே சொல்லி, 2,400 ரூபாய் கட்டி, இரண்டு புட்டி வாங்கினேன். முதல் பத்து நாளில் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் பழையபடி வந்தது. அது என்னோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

எங்கள் தெருவில் தறி போட்ட நண்பர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஒரு நாள் காலையில் வந்தார். "அண்ணா, தூங்கி எழுந்தா வலது காது அடைச்ச மாதிரி இருக்கு. ஒண்ணும் கேட்கல, உள்ளே ஒரே இரைச்சல்" என்றார். நான் பெரிய மனிதனாக, "பயப்படாதே, எனக்கு வந்ததுதான்" என்று சொல்லி மிச்சமிருந்த இரண்டாவது புட்டியை அவர் கையில் கொடுத்தேன். மூன்று வாரம் சிரத்தையாகச் சாப்பிட்டார். பிறகு அவர் மகன் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். "திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ஓரிரு நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம். இப்போது நாள் கடந்துவிட்டது" என்றாராம் டாக்டர். நண்பருக்கு இன்றுவரை வலது காது கேட்காது. சீக்கிரம் போயிருந்தால் நிச்சயம் கேட்டிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது. அதை என் புட்டி தின்றுவிட்டது. அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிக வேதனை.

நான் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 34 வருடம் கணக்கு எழுதியவன். ஜரிகை வந்தால் அப்படியே வாங்கி வைக்க மாட்டோம். உரசிப் பார்ப்போம். மேல்பூச்சைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்போம். சந்தேகம் என்றால் சோதனைக்கு அனுப்பி வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குவோம். உடுத்துகிற புடவைக்கு இவ்வளவு. உடம்புக்குள் போகிற மருந்துக்கு நான் எதை உரசிப் பார்த்தேன்? ஒன்றையும் இல்லை. அந்த உறுத்தலில்தான், மருந்தை நம் நாட்டில் யார், எப்போது, எப்படிச் சோதித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததைக் கணக்குப் புத்தகம் போல வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வரவு நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே. மாட்டுப் பொங்கலன்று நம் வரதர் பாரிவேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவது எல்லோருக்கும் தெரியும். பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்கே உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிறு வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.

அதில் ஓர் ஆதுலர் சாலையின் வரவு செலவு இருக்கிறது. வேதம் படிக்கும் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரிய மருத்துவமனை அது. வீரசோழன் என்று பெயர். படுத்திருக்கும் நோயாளிகள் 15 பேர். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயர் சொல்லியே வெட்டியிருக்கிறது. அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிப்பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் அளவு தனித்தனி. ஆண்டுதோறும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் சுமார் 20. தசமூல அரிதகி, வாசா அரிதகி, கல்யாண லவணம், புராண நெய் என்று பெயர்ப் பட்டியல்.

அந்த மருந்துகள் எவ்வளவு பேரைக் குணமாக்கின என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் கணக்கனாகிய எனக்கு ஒன்று பட்டது. மருந்தின் பெயர் ஊரறியக் கல்லில் இருக்கிறது, ரகசியம் என்ற பேச்சே இல்லை. மருத்துவர் யார் என்று தெரிகிறது. அவருக்குக் கூலி மருந்து விற்ற லாபத்திலிருந்து வரவில்லை, கோயில் நெல்லிலிருந்து வருகிறது. இன்னும் இரண்டு புட்டி வாங்கச் சொல்வதில் அவருக்கு ஒரு மரக்கால் நெல்லும் கூடாது. என் 2,400 ரூபாய்ப் புட்டியில் இந்த மூன்றுமே தலைகீழ்.

அடுத்த வரவு எட்டு நூற்றாண்டுக்கு மேல் தாண்டி. 1921இல் சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவம் பற்றி விசாரிக்க முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேல்நாட்டு மருத்துவம் படித்தவர். ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் எழுத்தில் கொடுத்த சாட்சியங்களை வாங்கிப் பதிப்பித்தார்கள். 1923இல் வந்த அறிக்கை, இந்த முறைகளுக்குச் சாத்திர அடிப்படை உண்டு, அரசு ஆதரிக்க வேண்டும் என்றது. 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. சீனிவாசமூர்த்தியே முதல்வர். பின்னால் 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று வளர்ந்தது. வைத்தியர் படித்துப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் நிலைத்தது.

வைத்தியரைச் சரி பார்த்தார்கள். புட்டியை? தபாலும் பத்திரிகையும் வந்த பிறகு, வைத்தியர் முகத்தையே பார்க்காமல் மருந்து வாங்கும் காலம் வந்துவிட்டது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் தாது புஷ்டி லேகியம், சர்வரோக நிவாரணி என்று வி.பி.பி. விளம்பரங்கள் நிறையக் கிடைக்கும். 1930இல் இந்திய அரசு கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் காலத்துப் பெரிய கவலைகளில் ஒன்று, மலேரியாவுக்கான கொய்னா தரக்குறைவாகவும் கலப்படமாகவும் விற்கப்படுவது.

இங்கே காது விஷயம் ஒன்று குறுக்கே வருகிறது. கொய்னா அதிகம் சாப்பிட்டால் காதில் இரைச்சல் வரும். "காது கொய்யுன்னா மருந்து வேலை செய்யுது" என்று என் பாட்டி சொல்லுவார். அந்தக் கொய்னா ஒரு மரத்தின் பட்டைதான். சின்கோனா மரத்தை நம் நீலகிரியிலேயே பயிரிட்டு, நடுவட்டத்தில் மருந்து எடுத்தார்கள். இயற்கையான பட்டை மலேரியாவைத் தீர்க்கவும் செய்தது, காதைக் கெடுக்கவும் செய்தது. ஆகையால் "மூலிகைதானே, பக்க விளைவு இல்லை" என்ற பேச்சு எங்கே கேட்டாலும் எனக்கு இப்போது பாட்டியின் கொய்னாதான் ஞாபகம் வருகிறது. வேலை செய்கிற மருந்து எதுவும் உடம்பில் எதையாவது மாற்றித்தான் வேலை செய்யும்.

சோப்ரா குழுவின் பரிந்துரைகள் வழியாக 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. ஆனால் நாட்டு மருந்துகள் அதற்குள் முழுசாக வரவில்லை. 1954இல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம். குறிப்பிட்ட நோய்களுக்குக் குணம் தரும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. புற்றுநோய், கண்புரை, நீரிழிவு என்று போகிற பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது. காது இரைச்சல் என்ற பெயர் அதில் இல்லை. விளம்பரத்தில் "செவிடு தீரும்" என்று ஏன் சொல்லவில்லை, "இரைச்சல் தீரும்" என்று மட்டும் ஏன் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. ஆனால் வேலிக்கு எந்தப் பக்கம் அந்தச் சொல் நிற்கிறது என்பதைப் பார்க்க முடிகிறது.

அந்தச் சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 1959 டிசம்பரில் தீர்ப்பு. சரக்கு விற்பதற்காகச் செய்யும் இத்தகைய விளம்பரம் அரசியல் சாசனம் காக்கும் பேச்சுரிமைக்குள் வராது என்றது நீதிமன்றம். சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் செல்லாது என்று நீக்கி, மற்றதை நிலைநிறுத்தியது.

1964இல் மருந்துச் சட்டத்தைத் திருத்தி நாட்டு மருந்து தயாரிப்பையும் லைசென்சுக்குள் கொண்டுவந்தார்கள். இதில் இரண்டு ரகம் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்று சாஸ்திர மருந்து. சட்டம் ஏற்ற பழைய நூல்களில் உள்ள முறைப்படி, அப்படியே செய்வது. சித்த மருத்துவத்துக்கு "சித்த வைத்தியத் திரட்டு" போன்ற நூல்கள் அந்தப் பட்டியலில் உண்டு. இன்னொன்று தனியுரிமை மருந்து. அந்த நூல்களில் வரும் சரக்குகளை எடுத்து, கம்பெனி தன் யோசனைப்படி கலப்பது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி ஓலைச்சுவடிப் படத்தோடு நிற்கும். பழமை என்ற பெருமை முதல் ரகத்துக்கு உரியது. இரண்டாவது ரகம் போன வருடம் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. என் புட்டி அதுதான். டாக்டரிடம் பிறகு காட்டியபோது அவர் பூதக்கண்ணாடி கொடுத்து, "ஐயா, இதை நீங்களே படியுங்கள்" என்றார். பொடி எழுத்தில், இது உணவுத் துணைப்பொருள், மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மருந்து லைசென்சே இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் மட்டும் இருந்தது. இந்த ரகப் பொருள்களுக்கான 2016ஆம் ஆண்டு விதிமுறை அந்த வாசகத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. டி.வி.யில் மருந்து என்று பேசியது, புட்டியில் மருந்தல்ல என்று எழுதியிருந்தது. பொய் டி.வி.யில், உண்மை பொடி எழுத்தில். படிக்காதது என் தப்பு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1994இல் வந்த சட்டப்படி, சத்து மாத்திரைகளை விற்குமுன் பலன் தருகிறதா என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. நோயைத் தீர்க்கும் என்று சொல்லாமல், உடம்புக்கு நல்லது என்கிற மாதிரி சொல்லிக்கொள்ளலாம். அதோடு, அரசு இதை மதிப்பிடவில்லை என்று ஒரு வரி அச்சிட வேண்டும்.

சரி, உள்ளே என்ன இருந்தது? ஜின்கோ இலைச்சாறு, அமுக்கரா, துத்தநாகம். ஜின்கோ சீன நாட்டு மரம். சீன வைத்தியத்தில் பெரிதும் பயன்பட்டது அதன் கொட்டை. மாத்திரையில் வரும் இலைச்சாறு ஜெர்மானியக் கம்பெனி ஒன்று 1960களில் உண்டாக்கியது. 5,000 ஆண்டு ரகசியத்துக்கு என்னைவிட வயது குறைவு!

ஆனால் வயது குறைவு என்பதற்காக ஒரு மருந்து வேலை செய்யாமல் போகாது. சோதித்தார்களா என்பதே கேள்வி. சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் ஆராய்ச்சியாளர்கள் காது இரைச்சல் உள்ள 1,121 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஜின்கோ 50 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிட்டவருக்குத் தெரியாது. 12 வாரம். 2001இல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. பிற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் பலன் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. 2014இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி, காது இரைச்சலுக்கு ஜின்கோ, துத்தநாகம் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதியது.

அப்படியானால் முதல் பத்து நாள் எனக்குக் குறைந்ததே, அது பொய்யா? பொய்யில்லை. காது இரைச்சல் தானாகவே ஏறும், இறங்கும். ரொம்ப ஏறிய நாளில்தான் நாம் போனை எடுத்துப் புட்டிக்குச் சொல்கிறோம். அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். இறங்கிய புண்ணியம் புட்டிக்குப் போய்விடுகிறது. டி.வி.யில் கும்பிட்டவர் நடிகராக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கும்பிடுகிறவர் கிடைப்பார். அதனால்தான் இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள்.

கலப்படம் இன்னொரு கவலை. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. அதன் பிறகு, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனை 2006 ஜனவரி முதல் கட்டாயம் என்று நம் அரசு உத்தரவிட்டது.

விளம்பரத்தை முன்கூட்டியே மாநில அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நாட்டு மருந்துகளுக்கு 2018இல் ஒரு விதி வந்தது. 2024இல் மத்திய அரசு அதை நீக்கியது. அதே ஆண்டு பொய் விளம்பரங்கள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வேலியைப் போடுவதும் பிடுங்குவதும் இப்படி நடந்துகொண்டேதான் இருக்கிறது. நம் காதை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாட்டு மருத்துவமே ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சளிக்கு எங்கள் வீட்டில் இன்றும் ஆடாதோடைக் கஷாயம்தான். சீன விஞ்ஞானி தூ யூயூ பழைய சீன வைத்திய நூலைப் படித்துத்தான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைக் கண்டுபிடித்தார், 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நூலில் இருக்கிறது என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. எலியிடம் சோதித்தார், தானே சாப்பிட்டுப் பார்த்தார், நோயாளிகளிடம் சோதித்தார். உரசிப் பார்த்த பிறகே ஜரிகை. சுசுருதர் காது நோய்களை 28 என்று வகைப்படுத்தி, காதில் கேட்கும் நாதத்துக்கும் செவிட்டுக்கும் தனிப் பெயர் கொடுத்தார். அவரே பிரித்துப் பார்த்ததை, எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி என்று நான் நண்பருக்குக் கொடுத்தேனே!

ஜரிகைச் சோதனை எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. அது சரக்கு சுத்தமா என்றுதான் சொல்லும், புடவை வாங்கினவருக்கு ராசியாக இருக்குமா என்று சொல்லாது. லைசென்ஸ் எண்ணும் அப்படித்தான். யார் செய்தார், என்ன போட்டார் என்பதற்குச் சாட்சி. நோய் தீரும் என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது. சுத்தமா என்பது ஒரு கேள்வி, பலிக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது யாராவது ஒரு புட்டியைக் காட்டினால் நான் கேட்பது இவ்வளவுதான். இது மருந்தா, உணவா? மருந்து என்றால் எந்த நூல்? செய்தவர் பெயர், முகவரி, தயாரிப்புத் தேதி இருக்கிறதா? வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? சொல்கிறவருக்கு விற்பனையில் பங்கு உண்டா? ரகசியம் என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுவேன்.

நம் வயதுக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. ஜின்கோ, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்று எச்சரிக்கிறார்கள். இதய டாக்டர் கேட்டால், "வேறே ஒண்ணும் சாப்பிடல" என்று மறைக்காதீர்கள். நானும் மறைத்தவன்தான். அதேபோல் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலும், தலை சுற்றினாலும் புட்டியைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள். திடீர்ச் செவிடு என்றால் அன்றைக்கே.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காதைச் சோதித்தார்கள். வயதால் வந்த கேள்விக் குறைவு. வெளிச்சத்தம் குறைந்ததால் உள்சத்தம் பெரிதாகத் தெரிகிறது என்றார்கள். பயந்த மிஷினையே மாட்டிக்கொண்டேன். இரைச்சல் போகவில்லை, ஆனால் பின்னால் தள்ளிப் போய்விட்டது. படுக்கும்போது மின்விசிறியைச் சத்தமாக ஓட விடுகிறேன். அதைத் தீர்க்க இன்று நிச்சயமான மருந்து எதுவும் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

போன பொங்கலுக்கு நண்பரை அழைத்துக்கொண்டு பாரிவேட்டை பார்க்கப் போனேன். திருமுக்கூடல் கோயில் சுவரில் அந்த எழுத்துகளைக் காட்டி, "இங்கேதான் ஆஸ்பத்திரி கணக்கு இருக்கு" என்றேன். "என்னண்ணா?" என்று இடது காதைத் திருப்பினார். நான் அவருக்கு இடது பக்கமாக வந்து நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இப்போதெல்லாம் அவரோடு நடக்கும்போது அந்தப் பக்கமாகவே நடக்கிறேன்.